'இன் தி எண்ட்' பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிங்கின் பார்க் குழுவின் 'இன் தி எண்ட்' பாட்டைப் பற்றித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் கேட்டவர்கள் கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் பாடசாலை இசை நிகழ்ச்சிக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள். சில பெற்றோரும் கேட்டார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறோம்.

இது யாருடைய பாட்டு, எப்ப வந்தது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த லிங்கின் பார்க் குழுவினுடையது. 2000 ஒக்டோபர் 24 அன்று வெளியான அவர்களது முதல் அல்பமான 'ஹைப்ரிட் தியரி'யில் எட்டாவது பாட்டு. நீளம் 3 நிமிடம் 36 செக்கன். ஒரு வருடம் கழித்து, 2001 ஒக்டோபரில், அல்பத்தின் நான்காவது தனிப்பாட்டாக வெளியிட்டார்கள். 2002 மார்ச்சில் அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் 2ஆம் இடத்துக்கு வந்தது. அந்தப் பட்டியலில் இந்தக் குழுவின் வேறெந்தப் பாட்டும் அவ்வளவு உயரம் போகவில்லை.

இதை றொக் எண்டு சொல்றதா, றப் எண்டு சொல்றதா?

கடையிலும் வானொலியிலும் ஒட்டப்பட்ட பெயர் 'நூ மெற்றல்'. மாற்று றொக், றப் றொக் என்றும் எழுதுவார்கள். மூன்றும் பிழையில்லை. பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெயரைப் பற்றிய குழப்பம் தீர்ந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் பியானோ. சரணங்களில் மைக் ஷினோடாவின் றப். பல்லவியில் செஸ்டர் பென்னிங்டனின் குரலும் பாரமான கிற்றாரும். இவற்றுக்கு அடியில் ஹிப்ஹொப் முறையில் அடுக்கிய தாளமும் குழுவின் டீஜே ஜோ ஹான் இசைத்தட்டைச் சுரண்டி எழுப்பும் ஒலியும் ஓடுகின்றன.

றப்பையும் கிற்றாரையும் சேர்த்தவர்கள் இவர்கள் முதலாவது ஆட்கள் இல்லை. றப் குழுவான றன் டீஎம்சியும் றொக் குழுவான ஏரோஸ்மித்தும் 1986இலேயே சேர்ந்து பாடிவிட்டார்கள். பிறகு ஃபெய்த் நோ மோர், றேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின், கோர்ன் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அவர்களிடம் கோபமும் துள்ளலும் முன்னால் நின்றன. இந்தப் பாட்டில் முன்னால் நிற்பது துக்கம். அதைத் தாங்குவது ஒரு பியானோ மெட்டு.

பாட்டு என்னதான் சொல்லுது? காதல் தோல்வியா?

காதல் என்ற சொல்லே பாட்டில் இல்லை. ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார், நம்பிக்கை வைத்திருந்தார், அது உடைந்துவிட்டது. அந்த இன்னொருவர் காதலியா, நண்பனா, தகப்பனா என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார்கள் என்றுதான் படுகிறது. அதனால்தான் கேட்கிறவர் எவரும் தன்னுடைய ஆளை அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள முடிகிறது.

முதல் சரணம் நேரத்தைப் பற்றியது. ஊசல் ஆட ஆட நாள் கழிகிறது, பிடித்து வைக்க முயன்றும் நழுவிப் போகிறது. இரண்டாவது சரணம் உறவைப் பற்றியது. இவ்வளவு தூரம் வந்ததே ஆச்சரியம், இப்போது பார்த்தால் என்னை உனக்கு அடையாளமே தெரியாது என்ற தொனி. பல்லவி இரண்டையும் கட்டிவிடுகிறது: எவ்வளவோ முயன்றேன், எவ்வளவோ தூரம் வந்தேன், எல்லாவற்றையும் இழக்க வேண்டி வந்தது, கடைசியில் அது ஒன்றுமே பெரிசில்லை.

கடைசியில ஒண்டுமே பெரிசில்லை எண்டால் ஏன் முயற்சி செய்யவேணும்? இது சோம்பேறிப் பாட்டுத்தானே?

இதுதான் மிக அதிகம் வரும் கேள்வி. பல்லவியின் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த வரியைச் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். முயலாத ஒருவர் அல்ல. எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்து, தோற்றபிறகு பேசுகிறவர். முயற்சி வேண்டாம் என்று அவர் எவருக்கும் புத்தி சொல்லவில்லை. தனக்கு நடந்ததைச் சொல்கிறார். முதல் சரணத்தின் முடிவில், தான் முயன்ற அந்தக் காலம் ஒரு நாள் ஞாபகமாக மிஞ்சும் என்றும் சொல்கிறார். முயற்சியே வீண் என்று நினைக்கிற மனிதன் அதை ஞாபகத்தில் வைத்திருப்பானா?

இசையும் இதையே சொல்கிறது. எல்லாம் வீண் என்று நம்புகிற ஆள் அந்தப் பல்லவியை அவ்வளவு உரக்கப் பாடமாட்டார். பெரிசில்லை என்று வாய் சொல்கிறது. பெரிசு என்று குரல் சொல்கிறது. இந்த முரணைக் காதில் வாங்காமல் பாட்டை விளங்கிக்கொள்ள முடியாது என்பது எங்கள் கருத்து.

ஏன் ரெண்டு பேர் பாடுறாங்க? ஒருத்தர் போதாதா?

இரண்டு குரலும் ஒரே மனதின் இரண்டு பக்கம். ஷினோடாவின் பக்கம் நடந்ததை ஒழுங்காக, ஏற்ற இறக்கமில்லாமல் விளக்குகிறது. சரணத்துக்குள்ளேயே செஸ்டரின் குரல் சிறு துண்டுகளாக இடையில் வந்து போகும். விளக்கம் சொல்லி முடியுமுன் உள்ளே இருப்பது வெளியே தள்ளுவது போல அது கேட்கும். பல்லவியில் அந்தப் பக்கம் முழுதாகத் திறந்துகொள்கிறது.

இந்த அமைப்பு கிட்டத்தட்டக் கைவிட்டுப் போயிருக்கும். அல்பம் பதிவான காலத்தில் றப்பைக் குறைத்து ஷினோடாவைப் பின்னால் தள்ளும்படி இசை நிறுவனத் தரப்பில் இருந்து அழுத்தம் வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த செஸ்டர் அதற்கு இணங்கவில்லை. அவர் இணங்கியிருந்தால் இன்று நாங்கள் பேசுகிற பாட்டே இருந்திராது.

செஸ்டருக்கே இந்தப் பாட்டு பிடிக்கலையாமே, உண்மையா?

உண்மை. இந்தப் பாட்டு அல்பத்தில் வருவதையே தான் விரும்பவில்லை என்று அவரே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இன்னும் பாரமான பாட்டுகள்தான் அப்போது அவருக்குப் பிடித்திருந்தன. பிறகு மனம் மாறினார். பாட்டின் கருவை உருவாக்கியவர் ஷினோடா. ஹொலிவூட்டில் இருந்த பயிற்சி அறைக்குள் ஓர் இரவு தனியே பூட்டிக்கொண்டு இருந்து எழுதியது.

வீடியோவில வானத்தில திமிங்கிலம் நீந்துதே, அதுக்கு என்ன அர்த்தம்?

திமிங்கிலத்துக்குத் தனி அகராதி தேடவேண்டாம். மொத்தக் காட்சியையும் பாருங்கள்: வரண்டு வெடித்த நிலம், நடுவில் சிறகுள்ள உருவங்கள் செதுக்கிய பெரிய கோபுரம், கடைசியில் மழை, பிறகு பச்சை. வரிகள் இழப்போடு முடிகின்றன. படம் மழையோடு முடிகிறது. வரிகளுக்குக் கிடைக்காத ஆறுதலை இயக்குநர்கள் படத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

இயக்கியவர்கள் நேதன் கொக்ஸும் குழுவின் ஜோ ஹானும். பின்னணி கலிபோர்னியப் பாலைவனத்தில் எடுத்தது. குழு பாடியது லொஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோ ஒன்றில். மழை, மேலே பொருத்திய தண்ணீர்க் குழாய்களில் இருந்து வந்தது. 2002இல் எம்டிவியின் சிறந்த றொக் வீடியோ விருது கிடைத்தது.

செஸ்டர் தன்ர சாவைப் பற்றித்தான் முன்னமே பாடினாரா?

இல்லை. செஸ்டர் 2017 ஜூலை 20 அன்று தற்கொலை செய்துகொண்டார். பாட்டு எழுதப்பட்டது அதற்குப் பதினேழு வருடம் முன்னால். கருவும் பெரும்பாலும் ஷினோடாவுடையது என்று மேலே சொன்னோம். தன்னுடைய போதைப் பழக்கத்தையும் மனப் பாரத்தையும் பற்றிச் செஸ்டர் பல தடவை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதைத் தெரிந்துகொள்ள இந்தப் பாட்டில் இரகசியக் குறிப்புத் தேடத் தேவையில்லை. அவர் போனபிறகு கேட்கும்போது வரிகள் வேறு விதமாகக் கனக்கின்றன என்பது கேட்கிறவர்களின் துக்கம். அந்தத் துக்கம் நியாயமானது. அதைப் பாட்டின் அர்த்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் பிழை.

மகன் நாள் முழுக்க இதையேதான் கேட்கிறான். நான் பயப்பட வேணுமா?

பாட்டைக் கேட்பதை மட்டும் வைத்துப் பயப்படவேண்டாம், அம்மா. உள்ளே இருப்பதைத் தான் சொல்லமுடியாதபோது வேறொருவர் சொல்லிக் கேட்பது பலருக்கு ஆறுதல். பார்க்கவேண்டியது வேறு விஷயங்களை: நித்திரை குறைகிறதா, சாப்பாட்டைத் தவிர்க்கிறானா, சினேகிதர்களை விட்டு ஒதுங்குகிறானா, விருப்பமான பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறானா, தான் இல்லாவிட்டால் நல்லது என்கிற மாதிரிப் பேசுகிறானா.

இவற்றில் ஏதாவது இருந்தால் ஹெட்போனைப் பறிக்காமல் பக்கத்தில் இருந்து நேரடியாகக் கேளுங்கள். சாவதைப் பற்றி நினைக்கிறாயா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. பிள்ளையும் எடுக்கலாம், நீங்களும் எடுக்கலாம்.

எங்கட பெடியளுக்கு இது ஏன் இவ்வளவு சொந்தப் பாட்டு மாதிரி?

பாட்டு பில்போர்ட்டில் 2ஆம் இடத்துக்குப் போன மாதத்துக்கு முந்திய மாதம், 2002 பெப்ரவரி 22இல், இங்கே போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த வருடங்களில் கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர் ஊரை விட்டு வந்தவர்கள், அல்லது வெளிநாட்டு விசாவுக்காக லொட்ஜ்களிலும் வாடகை அறைகளிலும் காத்திருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எவ்வளவோ தூரம் வந்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்ற வரி அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாத வரி.

இன்றைய பிள்ளைக்கு அதே இடத்தில் உயர்தரப் பரீட்சை நிற்கிறது. மூன்று தரம் எழுதலாம். மூன்றாம் தரமும் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றால் கம்பஸ் கதவு மூடிவிடும். படித்தது பொய்யில்லை, கண்முழித்தது பொய்யில்லை, ஆனாலும் முடிவு இது. அப்படி நிற்கிற பிள்ளைக்கு, இன்னும் முயற்சி செய் என்று சொல்லாமல், நீ முயன்றது எனக்குத் தெரியும் என்று சொல்கிற பாட்டு இது.

கீபோடில வாசிக்க எந்தச் சுருதி? நான் சங்கீதம்தான் படிச்சனான்.

பாட்டு ஈ பிளாட் மைனரில் இருக்கிறது. எங்கள் கணக்கில் இரண்டரைக் கட்டை. வேகம் நிமிடத்துக்கு 105 அடி. தொடக்க மெட்டு: ஈ பிளாட், பீ பிளாட், பீ பிளாட், ஜீ பிளாட், பிறகு எஃப் நான்கு தரம், மறுபடி ஜீ பிளாட். ஈ பிளாட்டை ஸட்ஜமாக வைத்தால் ச ப ப க, ரி ரி ரி ரி க. சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம். சுரத் தொகுதி நடபைரவியோடு ஒத்துப்போகும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இந்த மெட்டு பத்து நிமிட வேலை.

விரல் வைக்கும்போது கவனியுங்கள்: ஈ பிளாட், பீ பிளாட், ஜீ பிளாட் மூன்றும் கறுப்புக் கட்டை, எஃப் மட்டும் வெள்ளை. கை கறுப்புக் கட்டைமேலேயே கிடக்கவேண்டும். வெள்ளையில் இருந்து எட்டிப் பிடித்தால் நான்கு எஃப்களும் சமனாக விழாது. சங்கீதப் பழக்கத்தில் காந்தாரத்துக்குக் கமகம் கொடுத்துப் பாடிப் பழகியவர்களும் இங்கே நேராகவே விடவேண்டும். சஸ்டெய்ன் பெடலை விடாமல் அமத்தினால் ரிஷபமும் காந்தாரமும் கலங்கிப்போகும். ஒவ்வொரு சுற்றின் முதல் சுரத்திலும் பெடலை எடுத்து வையுங்கள்.

கிற்றார்ல ஈ பிளாட் வருதில்லையே, கேப்போ போடலாமா?

கேப்போ, அதாவது கிற்றார்க் கழுத்தில் மாட்டும் கவ்வி, சுருதியை உயர்த்தும். உங்களுக்குத் தேவை இறக்குவது. ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். அப்போது ஈ மைனர் பிடித்தால் ஈ பிளாட் மைனர் கேட்கும். எக்கூஸ்டிக் கிற்றாருக்கு ஈ மைனர், ஜீ, டீ, சீ ஆகிய நான்கு கோட்களுக்குள் பாட்டை அடக்கிவிடலாம். கம்பி இறக்க விருப்பமில்லை என்றால் எல்லோரும் ஈ மைனரிலேயே வாசியுங்கள். பாடுகிறவருக்கு அரை ஸ்வரம் கூடும் என்பதை மறக்கவேண்டாம்.

எலக்ட்ரிக் கிற்றாரில் பல்லவியின் பாரம் வேண்டுமானால் அரை ஸ்வரம் இறக்கியபின் ஆறாவது கம்பியை இன்னும் ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள். மெல்லிய 9ஆம் கனக் கம்பித் தொகுதி அந்த இடத்தில் தொய்ந்து சுருதி விலகும். 10 அல்லது 11 போடுங்கள். இறக்கியவுடன் கம்பி மெல்ல மெல்ல நகரும் என்பதால் இரண்டு மூன்று தரம் சரிபார்க்க வேண்டும். வெயிலில் கொண்டுவந்த கிற்றாரை ஏசி மண்டபத்துக்குள் எடுத்தால் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். அரை மணி நேரம் முந்தி உள்ளே கொண்டுபோய் வைத்து, மேடைக்கு ஏறுமுன் கடைசியாகச் சுருதி சேருங்கள்.

பல்லவி பாடினா தொண்டை கட்டிக்குதே, என்ன செய்றது?

செஸ்டரின் கரகரப்பைத் தொண்டையை இறுக்கிச் செய்யப் பார்க்கிறீர்கள். பல்லவி அலறல் இல்லை. நேராகப் பாடும் குரல். கரகரப்பு மேலே தூவியது மட்டும். முதலில் கரகரப்பே இல்லாமல் முழுப் பல்லவியும் சுருதி சுத்தமாக வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஒன்று அல்லது இரண்டு ஸ்வரம் இறக்குங்கள். கீபோடில் டிரான்ஸ்போஸ் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடமுன் பத்து நிமிடம் மெல்லிய ஹம்மிங்கும் சரளி வரிசையும் போதும். நோவு வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

குரலைச் சேமிக்கவேண்டிய இடம், இரண்டாவது பல்லவிக்குப் பிறகு வரும் நம்பிக்கை வைத்தேன் என்ற பகுதி. அது இரண்டு தரம் வரும். முதல் தரம் தணிவாக, இரண்டாம் தரம் முழுப் பலத்தோடு. முதல் தரமே கத்திவிட்டால் இரண்டாம் தரத்துக்கு ஏற இடம் இருக்காது.

வீட்டில நல்லா வருது, மேடையில சொதப்புது. ஏன்?

பெரும்பாலும் வேகம். பதற்றத்தில் ட்றம்ஸ் 105இல் தொடங்கி ஓடிவிடும், றப் பாடுகிறவருக்கு மூச்சு எடுக்க இடமில்லாமல் போகும். ட்றமருக்கு மட்டும் மெட்ரனோமை (வேகத்தை அடித்துக் காட்டும் கருவி) இயர்போனில் கொடுங்கள். றப் பாடுகிறவர் செஸ்டரின் துண்டு வரிகள் வரும் இடத்தில்தான் மூச்சு எடுக்கவேண்டும். ஒருவரே இரண்டையும் பாடப் பார்த்தால் நாலாவது வரியில் மூச்சு முட்டும். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் துண்டு வரிகளைக் கீபோட் வாசிப்பவரிடம் விடுங்கள்.

அடுத்தது சத்தம். சரணத்தில் கிற்றார் முழுக் கரகரப்போடு நின்றால் பியானோவும் சொற்களும் அமுங்கிவிடும், பல்லவி வரும்போது ஒன்றும் மாறியதாகத் தெரியாது. இந்தப் பாட்டின் பலமே அந்த மாற்றம். கிற்றார்காரர் சரணத்தில் கையைக் கட்டிப்போடப் பழகவேண்டும்.

ஸ்கூல்ல பாட விடுவாங்களா? அதிபர் இங்கிலீஷ் றொக் எண்டாலே வேண்டாம் எண்டுறார்.

இந்தப் பாட்டில் மட்டுமல்ல, முழு 'ஹைப்ரிட் தியரி' அல்பத்திலும் ஒரு தூஷண வார்த்தை கிடையாது. வரிகளை அச்செடுத்து, தமிழில் ஒரு பந்தி விளக்கத்தோடு பொறுப்பாசிரியர் மூலம் கொடுங்கள். அதிபர் மறுப்பது பெரும்பாலும் சொல் விளங்காததால்.

ஒரு பெண் மெதுவாப் பாடுற மாதிரி ஒண்டு கேட்டனே, அதுதான் ஒரிஜினலா?

இல்லை. அது டொமி ப்ரொஃபிட் இசையமைத்து ஃபிளூரி பாடிய வடிவம். மெலன் ஜி செய்த ரீமிக்ஸ்தான் பலர் கேட்டது. றப்பை ஜங் யூத் செய்திருக்கிறார். நல்ல வடிவம், ஆனால் இரண்டு குரல்களைப் பற்றி மேலே சொன்ன அந்த மோதல் அதில் தளர்ந்துவிடுகிறது.

நூ மெற்றலே செத்துப்போச்சு எண்டுறாங்க. பிறகு இந்தப் பாட்டு மட்டும் எப்பிடி நிக்குது?

அந்த அலை சில வருடங்களில் வடிந்தது உண்மை. உடை, தலைமயிர், அந்தக் காலத்துக் கோபம் எல்லாம் பழசாகிவிட்டன. இந்தப் பாட்டு அவற்றில் தங்கியிருக்கவில்லை. கிற்றாரை எடுத்துவிட்டாலும் பியானோவும் இரண்டு குரலும் மிஞ்சும், பாட்டு நிற்கும். 2002இல் குழுவின் ரீமிக்ஸ் அல்பமான 'ரீஅனிமேஷன்'இல் குட்மாஸ்டா கர்ட் இதை முழு ஹிப்ஹொப்பாக மாற்றினார். 2004இல் றப் பாடகர் ஜே-சீயின் பாட்டோடு பின்னி 'கொலிஷன் கோர்ஸ்'இல் வந்தது. இரண்டிலும் உடையவில்லை. வீடியோ 2020இல் யூரியூப்பில் நூறு கோடிப் பார்வையைத் தாண்டியது. அல்பம் அமெரிக்காவில் 12 தடவை பிளாட்டினம்.

றொக் கேட்கிறவன் றப் கேட்கக்கூடாது என்ற வேலியை உலகம் முழுக்கப் பிள்ளைகளின் மனதில் இருந்து எடுத்தது இதன் பெரிய காரியம் என்று நினைக்கிறோம். ஒரே பிள்ளை கர்நாடக சங்கீத வகுப்புக்கும் போய், கிருஷான் மகேசனின் தமிழ் றப்பையும் கேட்டு, மெற்றலும் வாசிக்கிற கொழும்பில் அது நன்றாகவே தெரிகிறது.

இப்ப புதுப் பாடகி வந்திட்டாவே. செஸ்டர் இல்லாம இதைப் பாடுறது சரியா?

2024 செப்டெம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ரோங் குழுவில் சேர்ந்தார், நவம்பரில் 'ஃப்ரொம் சீரோ' அல்பம் வந்தது. பழைய பாட்டுகளையும் மேடையில் பாடுகிறார்கள். மனம் ஒப்பாத இரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்லமுடியாது. ஆனால் எழுதிய ஷினோடா உயிரோடு இருந்து தன் பாட்டைப் பாடுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். பாடாமல் பூட்டி வைப்பதைவிடப் பாடுவதையே நாங்கள் விரும்புகிறோம்.

நாங்க கவர் பண்ணி, தமிழ் வரி போட்டு யூரியூப்ல ஏத்தலாமா?

இரண்டும் வேறு வேறு. ஆங்கில வரியோடு நீங்களே வாசித்துப் பாடிய கவரை ஏற்றினால் பொதுவாக நடப்பது, யூரியூப்பின் கன்டென்ட் ஐடி என்ற தானாக அடையாளம் காணும் முறை மூலம் உரிமைக்காரர் கோரிக்கை வைத்து விளம்பர வருமானத்தை எடுப்பது. வீடியோவை முடக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அசல் பதிவின் ஒரு துண்டையும் சேர்க்காதீர்கள். இணையத்தில் எடுத்த கரோக்கி டிராக்குக்கும் உரிமைக்காரர் இருப்பார். பின்னணியையும் நீங்களே வாசியுங்கள்.

வரியைத் தமிழாக்குவது தழுவல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் மொழிபெயர்ப்பும் தழுவலும் ஆக்கியோனின் உரிமை. வெளியிடுமுன் பாட்டின் பதிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். அனுமதிக்கு வழியில்லை என்றால் இதே அமைப்பை எடுத்துச் சொந்தப் பாட்டு ஒன்று செய்யுங்கள். ஒரு பியானோ மெட்டு, விளக்குகிற ஒரு குரல், தாங்காத ஒரு குரல். அமைப்புக்கு எவரும் உரிமை கோரமுடியாது.